உடன்பிறந்தான் மகன் அர்தகன்

அர்தகன் எங்கள் தெருவில் எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவான். என்னைச் சித்தப்பா என்பான். எனக்கும் அவனுக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது; அடுத்த வீடு, அவ்வளவுதான். எதிர்வீட்டு எண்ணெய்க்காரி அவனுக்கு அத்தை. சங்கு வளையல் அறுக்கிற மனிதர், நாற்பது வயதிலேயே முடி நரைத்த பாவத்துக்காக, அவனுக்குத் தாத்தா. ஆனால் தன்னை வளர்த்து ஆளாக்கிய மனிதரை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டான். "இங்க பாருங்க" என்பான். "சாப்பாடு ஆயிருச்சு, வரலாமா?" என்பான். இருபத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இப்படி மொட்டையாகவே பேசி ஓட்டினான். அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

அவரை எல்லோருக்கும் தெரியும். மிஹிரதத்தன், காசு அடிக்கிற தட்சசீலத்து அக்கசாலையில் மூன்றாம் பட்டடையின் சம்மட்டிக்காரர். அவர் தம்பி குதிரைப் படையில் இருந்தவன். நிலம் நடுங்கி ஊர் பாதி சரிந்ததே, அதற்கு மறு வருஷம் அந்தத் தம்பியின் மனைவி காய்ச்சலில் போனாள். அவன் நாலு வயதுப் பிள்ளையை அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மழை முடிந்ததும் வருகிறேன் என்று மேற்கே சகஸ்தானத்துக்குக் குதிரை வாங்கப் போனான். எத்தனையோ மழை முடிந்துவிட்டது. அங்கே வேறு குடும்பம், ஏழு பிள்ளைகள் என்று வந்தவர் போனவர் சொன்னார்கள். மிஹிரதத்தனுக்கும் அவர் மனைவி லிசிகைக்கும் பிள்ளை இல்லை.

வந்த புதிதில் பையன் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டான். ஒருநாள் தண்ணீர்த் துறையில், எங்களோடு வேலை செய்கிற கரகனுடைய தாய், அந்தப் பொம்பளைக்கு நாக்கு எப்போதும் வெளியில்தான் கிடக்கும், "உங்கப்பன் அங்க குதிரைக்குப் புல்லு புடுங்கறான். இவரு எப்படிடா உனக்கு அப்பனானாரு?" என்று கேட்டுவிட்டாள். பத்துப் பேர் சிரித்தார்கள். அதோடு அப்பா போயிற்று. மறுநாள் வீட்டில் பெரியப்பா என்று கூப்பிட்டிருக்கிறான். மிஹிரதத்தன் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு, "அப்படிக் கூப்பிடாதே மகனே" என்றார். வைத ஞாபகம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார் என்று லிசிகை அண்ணி சொல்வாள். ஆக, அதுவும் போயிற்று. கையில் வேறு சொல் இல்லை. லிசிகையை மட்டும் கடைசிவரை அம்மா என்றான். அதில் சிக்கல் இல்லை. பெற்றவள் செத்துவிட்டாள். பெற்றவன் உயிரோடு இருந்ததுதான் சிக்கல்.

அவர் விடவில்லை. வாய்க்கு வாய் மகனே. தெருவில் மகனே, அக்கசாலையில் மகனே, கோபம் வந்தாலும் "உதைபடுவே மகனே."

எனக்குத் தெரிந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீர்த் துறைப் பேச்சுக்குப் பிறகு ஒருநாள் மிஹிரதத்தன் என்னை அக்கசாலை எழுத்தரிடம் அழைத்துப் போனார். எங்கள் குழுமத்தின் பேரேடு அங்கேதான் இருக்கும், பூர்ஜ மரப்பட்டைச் சுருள். அதில் தன் பேருக்குக் கீழே "மகன் அர்தகன்" என்று எழுதச் சொன்னார். சாட்சிக்கு நான் கட்டைவிரலை வைத்தேன். வெளியே வந்ததும், "அண்ணே, பொய்தானே இது?" என்று கேட்டேன்.

"எது பொய்?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

எனக்கோ, பொய்ச் சாட்சி வைத்துவிட்டேனே என்ற பயம். அர்தகனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார் அவர். தானே தெரிந்துகொள்கிற நாள் வரும், குழுமத்தின் முன்னால் சம்மட்டியைக் கொடுக்கிற நாளில் எல்லோரும் கேட்கச் சொல்வேன் என்றார். அதற்காக அவர் அந்த நாளை எத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் வேலை மூன்று ஆள் வேலை. பட்டடைக்குள் ஒரு அச்சு பதிந்திருக்கும்; குதிரைமேல் அரசர், சுற்றிலும் யவன எழுத்து. உலையில் சிவந்த வில்லையைக் குறட்டால் எடுத்து அதன்மேல் வைப்பது அர்தகன் வேலை. மேல் அச்சை வில்லைமேல் நிறுத்திப் பிடிப்பது என் வேலை. அதில் சாமி உருவமும் எங்கள் எழுத்தும். பிறகு சம்மட்டி. வை, பிடி, அடி. நாளெல்லாம் இதுதான். வெள்ளிக் காசு என்று பேர். நன்றாகத் தேய்த்துக் கழுவினால் வெட்கத்தில் சிவந்துவிடுகிற வெள்ளி.

யவன எழுத்தை அச்சு வெட்டுகிறவனுக்கே படிக்கத் தெரியாது. பழைய காசைப் பார்த்து வேலிக்கால் நட்ட மாதிரி வரிசையாக வெட்டிவைப்பான். லிசிகை அண்ணி யவன வம்சம். எங்கள் பாட்டன் எழுத்து என்று காசைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பெருமையாகப் பார்ப்பாள். பெரும்பாலும் தலைகீழாகப் பிடித்திருப்பாள். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் எழுத்து எனக்குப் படிக்க வரும், ஆனால் அச்சில் இருந்தால்தான். காலமெல்லாம் அச்சில் திருப்பி வெட்டியதையே பார்த்துப் பார்த்து, நேரான எழுத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும்.

அரசர் குதுவரர் காலமான செய்தி வந்து சில வாரத்தில் புது அச்சுகள் துணியில் சுற்றி வந்தன. புது அரசர் அவதகசர். குதிரை அதே குதிரை. காசில் குதுவரர் போடுகிற குறியும் அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் புதுசு. நான் அச்சை வெளிச்சத்தில் திருப்பிப் படித்துக் காட்டினேன்: குதுவரருடைய பிராதபுத்ர, காக்கும் மகாராஜர் அவதகசர்.

அர்தகன் குறட்டைக் கீழே வைத்தான். "இன்னொரு தடவை படிங்க, சித்தப்பா."

"குதுவரருடைய பிராதபுத்ர."

"உடன்பிறந்தான் மகனா? காசுலயா? அரசரே சொல்லிக்கிறாரா?"

"நான் ஒண்ணும் என் கைலேர்ந்து போடலப்பா. இருக்கறதைத்தான் படிக்கிறேன்."

"அண்ணன் மகனா, தம்பி மகனா?"

"அதெல்லாம் போடல. உடன்பிறந்தான் மகன். அவ்வளவுதான்."

அன்றைக்கு முழுக்க அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். வில்லையை வைக்கும்போதெல்லாம் என் கையிலிருந்த அச்சைப் பார்த்துக்கொண்டே வைத்தான். நாட்டிலுள்ள ஒவ்வொரு கைக்கும் அந்தச் சொல் போகப்போகிறது. துறையில் எந்த முறைக்காக அவனைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்த முறை. பொம்பளைகள் முந்தானையில் முடிந்துவைக்கப் போகிறார்கள். அந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பருவத்திலேயேதான் என் விரல் போனது. இருபத்தெட்டு வருஷம் குறி தவறாத மிஹிரதத்தன் ஒரு முற்பகலில் அரை விரல் அளவு தவறினார். என் இடது சுட்டுவிரல் நுனி பட்டடையில் தங்கிவிட்டது. நான் கத்தியதைவிட அவர் கத்தியது அதிகம். கட்டுப் போட்டு முடிந்ததும், சம்மட்டியை எடுத்துச் சுவரோரம் தலைகீழாகச் சாய்த்துவைத்தார். எங்களிடம் அதற்கு அர்த்தம், இனி தொடமாட்டேன் என்பது.

"கண்ணு மங்கிருச்சு. இனிமே என் மகன் அடிப்பான்" என்றார்.

இங்கேதான் கரகன் உள்ளே நுழைந்தான். அவன் இரண்டாம் பட்டடைக்காரன், அந்த நாக்குக்காரியின் சீமந்தப் புத்திரன். மூன்றாம் பட்டடைக்குத் தன் மருமகனைக் கொண்டுவர அவனுக்கு வெகுநாளாக ஆசை. சம்மட்டி மகனுக்குத்தான் போகும், மகன் இல்லையென்றால் குழுமம் கைகாட்டுகிறவனுக்கு. இது எங்கள் வழக்கம். கரகன் பட்டடை பட்டடையாகப் போய், "அவன் எப்படிய்யா மகன்? ஊருக்கே தெரியுமே" என்று ஊதிக்கொண்டிருந்தான். சம்மட்டி கிடைக்காவிட்டால் அர்தகன் வயசாகும்வரை குறடு பிடித்து, கரகனின் மருமகனுக்கு வில்லை எடுத்துவைக்க வேண்டும். அதை அவனால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

குழுமம் கூடுவதற்கு முந்தின நாள் மதியம் நாங்கள் இரண்டு பேரும் உலை நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாற்கோதுமை ரொட்டி, வேகவைத்த கடலை. அர்தகன் சாப்பிடவில்லை.

"சித்தப்பா, நாளைக்கு அவரு பட்டடைமேல கைய வச்சு என்ன சொல்லணும்?"

"இவன் என் மகன்னு மூணு தடவை. நீ உன் கைய அவரு கைமேல வைக்கணும். ஒனக்குத் தெரியாததா?"

"உலைக்கு முன்னாடிதானே?"

"பின்ன, குளத்துக்கு முன்னாடியா?"

"நெருப்பு முன்னாடி நின்னு அவரு பொய் சொல்லணும். எனக்காக. மூணு தடவை." அவன் கடலையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "அதுக்கப்பறம் அவரு எப்படித் தூங்குவாரு?"

இது வெளியாளுக்குச் சிரிப்பாக இருக்கலாம். மிஹிரதத்தனின் பாட்டன் மேற்கே இருந்து வந்தவர். அந்த வம்சத்தில் நெருப்பில் பிணம் இடமாட்டார்கள், நெருப்பில் ஊத மாட்டார்கள், நெருப்பு முன் பொய் சொல்ல மாட்டார்கள். இங்கே மூன்று தலைமுறை இருந்ததில் முதல் இரண்டையும் மறந்துவிட்டார்கள். மூன்றாவதை மட்டும் விடவில்லை. வாய் தவறி ஒரு பொய் சொல்லிவிட்டால்கூட மிஹிரதத்தன் உலைப் பக்கம் திரும்பி நெற்றியைத் தொடுவார்.

பேரேட்டில் இருக்கிறதடா, இருபத்துநான்கு வருஷமாக இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் கடலை இருந்தது. அதை மென்று முடிக்கும் நேரத்துக்குள் ஆயிரம் யோசித்தேன். சொல்ல வேண்டாம் என்பது அவர் பேச்சு. தவிர, எனக்கும் அது பொய்ச் சாட்சிதானே என்ற பயம் இன்னும் உள்ளே இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் அக்கசாலை முற்றத்தில் ஐந்து பட்டடை ஆட்களும் கூடினோம். அதிகாரி விஸ்பகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், தன் வேலைக்கு ஆபத்து இல்லாதவரை எல்லோருக்கும் நல்லவர். பக்கத்தில் பேரேட்டுச் சுருளோடு எழுத்தர். மிஹிரதத்தன் வெளுத்த வேட்டி கட்டி, தாடியை எண்ணெய் போட்டு வாரியிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பட்டடைமேல் வலது கையை வைத்தார். வாயைத் திறந்தார்.

"இருங்க" என்றான் அர்தகன்.

அவன் நடுவில் வந்து நின்றான். "அதிகாரி ஐயா, இவரு பொய் சொல்லவேண்டாம். நான் இவரு மகன் இல்லீங்க. உடன்பிறந்தான் மகன்."

கரகனுக்கு வாயெல்லாம் பல். "கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான். உடன்பிறந்தான் மகனுக்கு உரிமை கிடையாது. முடிஞ்சது, எல்லாரும் வேலையப் பாருங்க."

"கரகண்ணே, என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"உடன்பிறந்தான் மகனுக்கு ஒரு உரிமையும் கிடையாதுன்னேன். செவிடா?"

அர்தகன் இடுப்பிலிருந்து ஒரு காசை எடுத்தான். புது அரசர் பேரில் எங்கள் பட்டடையில் விழுந்தவற்றில் ஒன்று. அதை அதிகாரியின் முட்டிமேல் வைத்தான். "ஐயா, இதைக் கொஞ்சம் எல்லாரும் கேக்கப் படிங்க. இதுல அரசர் தன்னை யாருன்னு சொல்றாரு? அவரு உக்காந்திருக்கிற இடத்துக்கு அவருக்கு உரிமை இல்லைன்னு கரகண்ணன் சொல்றாரு. நான் சொல்லல. நீங்களே கேட்டீங்க."

விஸ்பகன் காசைப் பார்த்தார், கரகனைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற காவல் வீரனைப் பார்த்தார். அவர் முகம் காசைவிட வெளுத்தது.

"நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்?" என்றான் கரகன். அவனுக்கு வேர்த்துவிட்டது. "நான் சும்மா... அரசருக்குத் தாராளமா உண்டு. பரம உரிமை உண்டு. உடன்பிறந்தான் மகன்தான் முதல் உரிமைக்காரன்!"

"அப்ப மூணாம் பட்டடைக்கும்?"

"மூணாம் பட்டடைக்கும்தான்! எடுத்துக்கடா! யாரு வேண்டாம்னா?"

ஐந்து பட்டடையும் சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. இப்படி ஒரு வாதத்தை அந்த முற்றம் கண்டதில்லை. குறட்டுக்காரர்களும் துருத்திக்காரர்களும் ஓடிப்போய் அர்தகனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். விரல் போன கையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

பட்டடைமேல் இருந்த கை இன்னும் அங்கேயே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். மிஹிரதத்தன் சொல்ல வந்ததைச் சொல்லாமல், வாயை லேசாகத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

எழுத்தர் சுருளைப் பிரித்து, இடத்தைக் கண்டுபிடித்து, முகம் சுளித்தார். "மிஹிரதத்தரே, இதுல மகன்னு இருக்கு. சாட்சிக் கைநாட்டு வேற இருக்கு. இப்ப என்ன எழுதறது?"

தோள்மேல் ஆடிக்கொண்டிருந்த அர்தகனுக்கு இது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மிஹிரதத்தன் கையை எடுத்தார். "தப்பா எழுதியிருக்காங்க. அவன் சொல்றதையே எழுதிக்கங்க" என்றார்.

எழுத்தர் அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே புதுச் சொல்லை எழுதினார்.

அதற்குப் பிறகு அர்தகன் நன்றாகவே அடித்தான். இதைச் சொல்ல வேண்டும். மிஹிரதத்தனைவிட அவன் கை கனம். ஒரே அடியில் குதிரையின் வாலில் மயிர் தெரியும். புதிதாகக் குறடு பிடிக்க வந்தவனிடமும் முறை வைத்துத்தான் பேசினான். ஊரில் அவன் பேர் உடன்பிறந்தான் மகன் என்றே ஆகிவிட்டது. கேலியாக இல்லை, மரியாதையாக. சாராயக் கடையில் ஆட்கள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். கரகன் வேஷத்தையும் அவனே போட்டுக் காட்டுவான்.

வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். மிஹிரதத்தன் அவனை அர்தகா என்று கூப்பிட ஆரம்பித்தார். கோபம் இல்லை, முகத்தைத் திருப்புவது இல்லை. ஒரே பாயில்தான் சாப்பாடு. "அர்தகா, தயிர் வேணுமா?" "அர்தகா, வாசல் கதவைச் சாத்திட்டியா?" மகனே என்பது அவர் வாயில் வரவே இல்லை.

"என்ன சித்தப்பா இது?" என்று என்னிடம் வந்து குழம்பினான். "அவரு பாவத்தைத் தடுத்தேன். சம்மட்டியையும் வாங்கிட்டேன். என்ன தப்பு பண்ணினேன்?"

"வயசாயிருச்சுல்ல. விடு" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? தெரிந்ததைச் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை.

அவன் அப்போதாவது அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவர் மொட்டையாக இல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவன் பேரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல் "இங்க பாருங்க" என்றான். இரண்டு வருஷம் இப்படிப் போனது. லிசிகை அண்ணி இடையில் இருந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருநாள் அவனிடம், "நீ ரொம்பக் கெட்டிக்காரன்டா. கொஞ்சம் மக்கா இருந்திருக்கலாம்" என்றாளாம். அவனுக்கு அதுவும் புரியவில்லை.

குளிர் முடிந்து பாதாம் பூக்கிற நேரத்தில் மிஹிரதத்தன் காலமானார். காலையில் எழுந்து முகம் கழுவினார், வாசற்படியில் உட்கார்ந்தார், அப்படியே சரிந்தார். கஷ்டப்படாத சாவு.

உடம்பைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் அண்ணி சொன்னாள்: "வாயில ஒரு காசு வைக்கணும்." அது அவள் பக்கத்து வழக்கம். போகிற வழியில் ஆறு இருக்கிறது, ஓடக்காரனுக்குக் கூலி வேண்டும். எங்கள் தெருவில் யாரும் இதை விநோதமாகப் பார்ப்பதில்லை.

அர்தகன் இடுப்பிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டினான். அண்ணி அதை வாங்கவில்லை.

"இது வேண்டாம்டா. இதுல அந்தச் சொல் இருக்கு." அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புது அரசர் காசு எது என்று தெரியும். "பழைய காசு ஏதாவது இருந்தா வைங்க. மகன் கையால வைக்கணும். அது போதும்."

எண்ணெய்க்காரி தன் பானையிலிருந்து குதுவரர் காசு ஒன்றைக் கொண்டுவந்தாள். அர்தகன் அதைக் கையில் வாங்கவில்லை. "பொறுங்க" என்றான். என்னைப் பார்த்தான். "சித்தப்பா, கொஞ்சம் வாங்க."

வடக்கு வாசலைத் தாண்டி அக்கசாலைக்குப் போகிற வழியில் நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேரேடு, என் கட்டைவிரல், எது பொய் என்று அவர் கேட்டது, அந்த நாளுக்காக அவர் காத்திருந்தது, அவன் தோள்மேல் ஆடியபோது எழுத்தர் இழுத்த கோடு. நடந்துகொண்டே சொன்னேன், நின்றால் சொல்லியிருக்க மாட்டேன். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் நடையை நிறுத்தாமலே, "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

அன்று வேலை நாள். மற்றப் பட்டடைகள் ஓடிக்கொண்டிருந்தன. துக்கத்துக்காக எங்களுடையது மட்டும் சும்மா இருந்தது. அர்தகன் தானே குறட்டால் ஒரு வில்லையைக் காய்ச்சி எடுத்துவைத்தான். சம்மட்டியை எடுத்தான். நான் மேல் அச்சை வைத்தேன்.

"இந்தப் பக்கம் தள்ளிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம்."

எனக்குப் புரிந்தது. எழுத்து வட்டமாகச் சுற்றி வருகிறது. அச்சை ஒரு நெல் அகலம் நகர்த்திப் பிடித்தால் ஒரு பக்கத்து எழுத்து வில்லைக்கு வெளியே விழுந்துவிடும். இப்படி விழுகிற காசைக் கழிவு என்று மறுபடி உலையில் போடுவோம். முப்பது வருஷமாக நேராகப் பிடித்த அச்சை அன்றைக்கு முதல்முறையாக வேண்டுமென்றே தள்ளிப் பிடித்தேன். விரல் நுனி இல்லாத இடத்தில் வலித்தது.

ஒரே அடி.

காசு ஆறியதும் இரண்டு பேரும் பார்த்தோம். குதுவரருடைய என்பது இருந்தது. பிராத என்பது ஓரத்தில் விழுந்து காணாமல் போயிருந்தது. புத்ர என்பது முழுசாக இருந்தது. அந்தக் காசின்படி அவதகசர் குதுவரருக்கே பிறந்த பிள்ளை. அரசர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

அர்தகன் காசுத் தட்டில் தன் காசு ஒன்றை அதற்குப் பதிலாகப் போட்டான். ஆனாலும் கழிவுக் காசை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் கையையும் இடுப்பையும் தலைப்பாகையையும் சோதிப்பார்கள். வாயைச் சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது, அது வேறு யாரோ செய்த வேலை. அர்தகன் காசைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டான். காவல்காரர்கள் துக்கம் கேட்டார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஓடைக்கரையில் எல்லாம் தயாராக இருந்தது. விறகு அடுக்கி, உடம்பை ஏற்றி, பக்கத்தில் சட்டியில் நெருப்பு. தெரு முழுக்க வந்திருந்தது. அக்கசாலையிலிருந்து பாதிப் பேர். கரகனும் வந்திருந்தான், சாவுக்கு வராமல் இருக்கிற அளவுக்கு மோசமானவன் இல்லை. சடங்கு செய்கிறவர் வழக்கம்போலக் கேட்டார்:

"கொள்ளி வைக்கிறவரு யாரு? இறந்தவருக்கு என்ன முறை?"

அர்தகன் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது என்று எனக்கு மட்டும் தெரியும்.

"முறை என்னப்பா? சொன்னாத்தானே மந்திரம் சொல்லலாம்?"

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான் ஊருக்கே தெரியுமே" என்று கரகன் ஆரம்பித்தான். லிசிகை அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

அர்தகன் விறகின்மேல் குனிந்தான். கன்னத்திலிருந்து காசை எடுத்தான். அவர் தாடையை இரண்டு விரலால் மெல்ல விலக்கி உள்ளே வைத்து, மூடினான். அவர் தாடியில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழைத் தட்டிவிட்டான். பிறகு நெருப்புச் சட்டியின் பக்கம் திரும்பி நின்றான்.

"மகன்" என்றான். இன்னும் இரண்டு தடவை சொன்னான். "மகன். மகன்."

சட்டி நெருப்பு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. அவன் கொள்ளியை எடுத்தான்.